வெள்ளிக்கிழமை கழுவிய பாட்டில்கள்

1

நான் பாட்டில் கழுவுகிறேன். ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். இந்த அக்டோபரோடு இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம். இந்த வேலையில் மூன்று வருடம்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். என் தங்கை கோமதி போனில் சொன்னாள்.

"வெளிநாட்ல கீறியே, எதுனா எழுதி அனுப்பு."

"எனுக்கு இன்னாடி தெரியும் எழுத?"

"பனி கொட்றது, ரயிலு, அது இதுன்னு எழுதேன்."

பனியையும் ரயிலையும் எல்லோரும் வீடியோவில் பார்த்தாயிற்று. நான் எட்டாவது வரை படித்தவள். இல்லாததைச் சேர்த்து எழுத வராது. இந்த வருடம் என் கையால் ஒரு தப்பு நடந்தது. அதனால் ஒரு பெண்ணின் படிப்பு போக இருந்தது. அதை எழுதுகிறேன்.

2

ஊரில் இருந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் வேலை செய்தேன். போல்டு, நட்டுக்கு முலாம் போடும் இடம். அமிலத் தொட்டியில் இருந்து வரும் கூடையை அலசுவது என் வேலை. வரிசையாக மூன்று தண்ணீர்த் தொட்டி. கூடையை முதல் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். தண்ணீர் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்வோம். வாரம் முழுவதும் அதே தண்ணீர். சனிக்கிழமை தொட்டியைக் காலி செய்து தேய்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குப் புதிதாகப் பிடித்து வைப்போம்.

பதினோரு வருடம் அதைச் செய்தேன். யாரும் குறை சொன்னதில்லை. லாரித் தண்ணீர் வாங்கி நடத்தும் கம்பெனி அது. நான் அலசும் வாரத்தில் லாரி ஒன்று குறையும் என்று சூப்பர்வைசர் சொல்வார்.

வீட்டிலும் அப்படித்தான். துணியை அலசிய கடைசித் தண்ணீரில்தான் அடுத்த நாள் துணி ஊறும். இது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

3

கணவர் பாபு இங்கே ஒரு இந்திய ஓட்டலில் சமையல்காரர். முதலில் அவர் வந்தார். இரண்டு வருடம் கழித்து நானும் மகள் தர்ஷினியும் வந்தோம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பதினேழு.

நான் தமிழில் கேட்பேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் சில நாள் வேண்டுமென்றே கோபப்படுத்துவேன்.

கோடையில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தோம். சீட்டு எடுத்து, எண் வரும்வரை உட்கார்ந்து, உள்ளே போனோம். துணைக்குத் தர்ஷினி வந்தாள். என்ன வேலை என்று அந்த அதிகாரி கேட்டார். நானே சொல்கிறேன் என்று மகளைத் தடுத்தேன். "நான் பாட்டில் கழுவுகிறேன்" என்று சொல்ல நினைத்து, "நான் ஒரு பாட்டில், என்னைக் கழுவுகிறார்கள்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். தர்ஷினியும் சிரித்தாள். என்னோடு சேர்ந்து சிரித்தாளா, அவரோடு சேர்ந்து சிரித்தாளா என்று தெரியவில்லை.

அடுத்த வருடத்துக்கான வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால் அனுமதி கிடைக்கும் என்றார். என் ஒப்பந்தம் வருடா வருடம் டிசம்பரில் புதுப்பிப்பது. காத்திருந்தோம்.

4

நிவேதா போன வருடம் வந்தாள். ஆராய்ச்சி மாணவி, இருபத்தாறு வயது. என் சட்டையில் மாட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"தமிழா நீங்க?"

"ஆமாம்மா."

"எந்த ஊருக்கா?"

"மண்ணூர்பேட்ட. அம்பத்தூர் எஸ்டேட் கீதே, அதுக்குப் பக்கத்துல."

"அய்யோ அக்கா! எங்க வீடு வானகரம்!"

"வானகரத்துல ஏதும்மா ஊடு? மீன் மார்க்கெட்டுதான கீது?"

"ஃபிளாட்டுக்கா. ஆறாவது மாடி. ஜன்னலத் திறந்தா பைபாஸ் தெரியும்."

"மீனு வாசன?"

"அதுவும் வரும்."

அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக வானகரம் வந்தவர்கள். ஐயாயிரம் கல் தாண்டி வந்து பக்கத்து ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு மதியம் என்னோடுதான் சாப்பிடுவாள்.

அவள் ஆராய்ச்சி செய்வது ஈஸ்ட்டில்.

"எந்த ஈஸ்ட்டும்மா?"

"பன்னுல போடுவாங்களே, அதேதான்."

"பன்னுக்கா இம்மாம் படிப்பு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதம் எடுத்து வட்டம் போட்டுக் காட்டினாள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

ஈஸ்ட் என்பது ஒரே ஒரு உயிரணு. கண்ணுக்குத் தெரியாது. அதற்குள்ளேயும் அறைகள் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய அறைக்கு வேக்யுவோல் என்று பெயர். கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து. அது வெளியே எவ்வளவு இருந்தாலும், உயிரணு தன் நடுக்கூடத்தில் அதைச் சேரவிடாது. அங்கே துளியிலும் துளிதான் இருக்கலாம். வந்ததை எல்லாம் அந்த அறைக்குள் தள்ளிவிடும். உடம்பில் இருக்கிற கால்சியத்தில் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் அடைந்து கிடக்கும்.

தள்ளுவதற்கு இரண்டு வழி. ஒன்று மோட்டார் மாதிரி, சக்தியைச் செலவு செய்து தள்ளும். இன்னொன்று மாற்று வழி. அறைக்குள் அமிலம் இருக்கிறது. கொஞ்சம் அமிலத்தை வெளியே விட்டு, அதற்குப் பதில் கால்சியத்தை உள்ளே வாங்கும். உள்ளே போனது சும்மா மிதக்காது. பாஸ்பேட் சங்கிலிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே அனுப்பும் பொருள்களைப் பொட்டலம் கட்டும் சின்ன அறைகளும் உண்டு. அவற்றுக்கும் கொஞ்சம் கால்சியம் வேண்டும். அவற்றுக்குத் தனி மோட்டார்.

"எதுக்கும்மா நடுக்கூடத்துல வெச்சுக்க மாட்டேங்குது?"

"அது மணிக்கா. திடீர்னு உப்பு அதிகமாச்சு, ஏதோ ஆபத்துன்னா, கால்சியம் கொஞ்சம் நடுக்கூடத்துக்கு வரும். மணி அடிச்ச மாதிரி. உடனே ஈஸ்ட் உஷாராயிடும். எப்பவும் அது அங்க நெறஞ்சு கிடந்தா, மணி அடிச்சதே தெரியாதுல்ல?"

அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

நிவேதாவின் கேள்வி ஒன்றுதான். கால்சியம் இல்லாத சத்துச் சாற்றில் ஈஸ்ட்டை வளர்த்தால், அறையில் சேர்த்து வைத்தது எவ்வளவு நேரத்தில் தீரும்? தீரும்போது அது எந்தக் கதவு வழியாக வெளியே வருகிறது? ஒரு வகைக் கடல் ஜெல்லி மீன் பளிச்சிடுமாம். அதில் இருந்து எடுத்த ஒரு பொருளை ஈஸ்ட்டுக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். நடுக்கூடத்துக்குக் கால்சியம் வந்தால் அது ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டுப் பெட்டிக்குள் ஒரு இயந்திரம் அந்த ஒளியை அளக்கும். திரையில் கோடு ஏறும், இறங்கும். இறங்குகிறது என்றால் ஈஸ்ட் அதை அறைக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

5

இந்த வேலைக்குக் கண்ணாடி ஆகாது. கண்ணாடியில் இருந்தே கால்சியம் கசியும். அதனால் அவளுக்கு மட்டும் நாற்பது பிளாஸ்டிக் பாட்டில். சூட்டில் கோணிக்கொள்ளும் என்பதால் இயந்திரத்தில் போட முடியாது. கையால்தான் கழுவ வேண்டும். சோப்பு, குழாய்த் தண்ணீர், அமிலம், மறுபடி குழாய்த் தண்ணீர். கடைசியில் சுத்த நீரில் ஐந்து முறை அலச வேண்டும். சுவரில் படத்தோடு ஒட்டியிருந்தது.

சுத்த நீர் தனிக் குழாயில் வரும். அதில் எதுவுமே கிடையாது. காய்ந்தால் தடம்கூட இருக்காது என்று நிவேதா சொன்னாள்.

கழுவிய தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பாட்டில் மேல் ஒட்டுவேன். நிவேதா அந்தச் சீட்டை உரித்துத் தன் நோட்டில், அன்றைய சோதனைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். அலமாரியில் எந்தப் பாட்டில் கைக்கு வருகிறதோ அதை எடுப்பாள்.

வசந்தத்தில் இருந்து அவளுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு சோதனையில் அறை காலியானது என்று வரும். அதையே மறுபடி செய்தால் அறை நிறைந்து கிடக்கும். சாறு மாற்றினாள். ஈஸ்ட் மாற்றினாள். இயந்திரத்துக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் மாறவில்லை.

"எங்கம்மா கோயில்ல அர்ச்சனை பண்ணியிருக்காங்க" என்றாள் ஒரு நாள்.

"ஈஸ்ட்டு பேருக்கா?"

"என் பேருக்குத்தான். ஈஸ்ட்டுக்கு என்ன நட்சத்திரம்னு அய்யர் கேட்டிருப்பாரு."

சிரித்தாள். அப்புறம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். பாதி சாப்பாடு அப்படியே இருந்தது.

நவம்பர் கடைசியில் அவளுக்கு மூன்று பேராசிரியர்கள் முன்னால் கூட்டம். அதுவரை எதுவும் நிலைக்கவில்லை என்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள். அது நின்றால் விசாவும் நிற்கும். வானகரம் திரும்ப வேண்டியதுதான். இதை அவள் அழாமல் சொன்னாள். அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

6

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலையில் கோமதி வீடியோவில் வந்தாள். பேசிக்கொண்டே பிளாஸ்டிக் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது, வெள்ள அடிச்சா மாதிரி கீது?"

"போர் தண்ணிதான். வாரத்துக்கு ஒரு வாட்டி தேய்க்காங்காட்டி அடியில சுண்ணாம்பா பூடுது. உனுக்கு இன்னா, சுத்தமான தண்ணியில குளிச்சிகினு கீற."

"இங்கயும் கொழா தண்ணி சுண்ணாம்புதான்டி. கெட்டிலுல வெள்ளையா படியும்."

அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

ஆய்வுக்கூடத்தில் என்னிடமும் ஒரு வாளி இருக்கிறது. கையால் கழுவும் எல்லோருடைய பாட்டிலுக்கும் அதுதான். திங்கட்கிழமை அதில் சுத்த நீர் பிடிப்பேன். பாட்டிலை அதில் ஐந்து முறை முக்கி முக்கி எடுப்பேன். தண்ணீர் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவேன். வெள்ளிக்கிழமை காலி செய்து தேய்த்து வைப்பேன். தேய்க்கும்போது அடியில் வெள்ளை வளையம் இருக்கும். மூன்று வருடமாக அந்த வளையத்தைத் தேய்க்கிறேன்.

எதுவுமே இல்லாத தண்ணீர் என்றால், எதைத் தேய்க்கிறேன்?

குழாய்த் தண்ணீரில் கழுவிய பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு வந்த சுண்ணாம்பு. திங்கட்கிழமை கொஞ்சம். வெள்ளிக்கிழமை நிறைய. நிவேதா கால்சியமே இல்லை என்று நம்பி ஈஸ்ட்டைப் பட்டினி போட்டிருக்கிறாள். நான் அதற்குச் சோறு போட்டிருக்கிறேன். மற்றவர்களின் பாட்டிலுக்கு இந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. அவள் வேலைக்கு அதுதான் எல்லாம்.

படத்தில் ஐந்து முறை என்றுதான் இருந்தது. நான் ஐந்து முறை செய்தேன். பாட்டிலுக்குப் பாட்டில் புதுத் தண்ணீர் ஊற்றி, அதைக் கொட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல தண்ணீரை யார் கொட்டுவார்கள்?

7

பாபுவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"யாருனா உன்னிய கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப உடு. டிசம்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அப்பால சொல்லு."

"அப்பால சொன்னா, அந்தப் பொண்ணு வானகரத்துல கீறும்."

"அவ இன்னா, உன் மாமியாரா?"

"மாமியாரா இருந்தா உட்டுருப்பேன்."

தர்ஷினி அறையில் இருந்து வந்தாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தமிழில் பேசினாள்.

"சொல்லாதம்மா. உன்ன வேலைய விட்டு அனுப்பிட்டா? பேப்பர் வராது. எல்லாம் திரும்ப மொதல்ல இருந்து. நான்தான் அந்த ஆபீசுக்கு வரணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எட்டு வருடமாக எங்களுக்காக எல்லா அலுவலகத்திலும் பேசியவள் அவள். ஒன்பது வயதில் இருந்து.

பாபு அரிந்த வெங்காயத்தை வாணலியில் போட்டார். பிறகு, "சரி, சொல்லிட்டு வா. வேல பூட்டா பாத்துக்கலாம். சோறாக்க நான் கீறேன்ல" என்றார்.

தர்ஷினி கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

திங்கட்கிழமை காலை வாளியோடு போய் நிவேதாவின் மேசை முன்னால் நின்றேன். முந்தின வெள்ளிக்கிழமை அதைத் தேய்க்காமல் விட்டது நினைத்துச் செய்ததில்லை. அன்று நேரம் இல்லாமல் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டுப் போயிருந்தேன். அதனால் வளையம் அப்படியே இருந்தது.

"நிவேதா, உன் பாட்டில இதுலதான் அலசுறேன்."

"இதுலன்னா?"

"முக்கி எடுப்பேன். ஒரே தண்ணி. வாரம் பூரா."

அவள் வளையத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரல் நுனி வெள்ளையானது.

"எப்போல இருந்துக்கா?"

"நீ வந்ததுல இருந்து."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான்."

"ஏன்க்கா சொல்லல?"

"தெரியாதும்மா. சனிக்கெழமதான் தெரிஞ்சிது."

அவள் என்னைத் திட்டவில்லை. பாட்டில்களை எல்லாம் ஒரு தட்டில் அடுக்கினாள். "இனிமே நானே கழுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். அன்று மதியம் அவள் சாப்பிட வரவில்லை.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரிடம் நானே போனேன். அறுபது வயதுப் பெண்மணி. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பாதியில் வார்த்தை தீர்ந்தது. வாளியைக் காட்டி, பாட்டிலை முக்கிக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலையில் என்றேன். எந்த நாள் தண்ணீர் மாற்றுவீர்கள் என்று கேட்டார். வெள்ளி கொட்டுவேன், திங்கள் பிடிப்பேன் என்றேன். ஒரு வாரமும் தவறியதில்லையா? இல்லை. விடுமுறை வாரத்திலும்? அப்போதும் இல்லை.

அவர் நிவேதாவைக் கூப்பிட்டு, நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

நோட்டில் என் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில், பாட்டில் கழுவிய தேதி, என் கையெழுத்தில். நிவேதா அவற்றைக் கிழமை வாரியாகப் பிரித்தாள். திங்கட்கிழமை கழுவியதை ஒரு பக்கம், செவ்வாயை அடுத்து, அப்படியே வெள்ளி வரை. எனக்குப் போகவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை. கதவருகே நின்றேன்.

திங்கட்கிழமை பாட்டில்களில் எல்லாம் ஈஸ்ட்டின் அறை காலியாகி இருந்தது. ஏறக்குறைய ஒரே நேரத்தில். வெள்ளிக்கிழமை பாட்டில்களில் எல்லாம் நிறைந்து கிடந்தது. நடுவில் உள்ளவை நடுவில். அந்தத் துளிச் சுண்ணாம்பைக்கூட ஈஸ்ட் விடவில்லை. கிடைத்ததை எல்லாம் எடுத்து உள்ளே அடைத்துக்கொண்டது.

நிவேதா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

9

பேராசிரியர் ஒரு வேலை சொன்னார். இது ஊகமாக இருக்கக் கூடாது, நிரூபிக்க வேண்டும், ஆகவே நான் ஒரு வாரம் வேறு சில பிளாஸ்டிக் பாட்டில்களைப் பழையபடியே கழுவ வேண்டும் என்றார். தப்பைத் தப்பாமல் செய்யச் சொன்னார்.

செய்தேன். திங்களில் இருந்து வெள்ளி வரை. என் பின்னால் இரண்டு பேர் குறிப்பேட்டோடு நின்றார்கள். எத்தனை நொடி முக்குகிறேன், எத்தனை துளி சொட்டவிடுகிறேன் என்று எழுதினார்கள். தினமும் வாளித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அளந்தார்கள். சுண்ணாம்பு நாளுக்கு நாள் ஏறியிருந்தது. மூன்று வருடத்தில் நான் கழுவுவதை யாரும் நின்று பார்த்ததில்லை. வேகம் மாறக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். மாறினால் கணக்குத் தப்பும்.

கடைசி நாள், நான் எப்படிக் கழுவினேன் என்பதை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஜெர்மன் எழுத வராது. தமிழில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தர்ஷினியிடம் கொடுத்தேன். அவளால் தமிழ் வேகமாகப் படிக்க முடியாது. விரல் வைத்துப் படித்தாள்.

"அலசல்னா?"

"சோப்பு போனதுக்கப்புறம் தண்ணியில எடுக்கிறது."

"இங்க கழுவறதுக்கும் அதுக்கும் ஒரே வார்த்தைதான்." யோசித்து ஏதோ போட்டாள். முழுவதும் தட்டச்சு செய்து கொடுத்தாள். கீழே என் பெயரைப் போட்டாள். அவள் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொண்டாள்.

நான் வாளியைக் காட்டிய நாளில் இருந்து கூட்டம் வரை நிவேதா தன் பாட்டிலைத் தானே கழுவினாள். காலை ஏழு மணிக்கு வருவாள். நான் என் தொட்டியில், அவள் பக்கத்துத் தொட்டியில். வணக்கம் சொல்வாள். வேறு பேச்சில்லை. அவள் கழுவுவது மெதுவாக இருந்தது. மூடியின் மரையை விட்டுவிடுவாள். இரண்டாம் வாரம் பொறுக்காமல், "மூடியில உள் மரையையும் பாரும்மா" என்றேன். "ம்" என்றாள். அதற்குப் பிறகு பார்த்தாள்.

10

நவம்பர் கடைசியில் கூட்டம். காலை பத்து மணிக்கு உள்ளே போனாள். பதினொன்றரை வரை கதவு திறக்கவில்லை. நான் இயந்திரத்தில் இருந்து கண்ணாடிக் குடுவைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

என் ஒப்பந்தம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஒரு வருடம். பேராசிரியர் கையெழுத்து. வேறு எதுவும் எழுதவில்லை. பாபு அதை உறையோடு அலமாரியில் வைத்தார். தர்ஷினி அலுவலகத்துக்கு நேரம் வாங்கிவிட்டாள், நான் கேட்காமலே.

நிவேதா நேராகக் கழுவும் அறைக்கு வந்தாள். வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. அழுததா, தூங்காததா தெரியவில்லை.

"ரெண்டு வருஷம் குடுத்துட்டாங்கக்கா."

"சரிம்மா."

"உங்க வெள்ளிக்கிழமை பாட்டிலப் பத்திதான் நிறைய கேட்டாங்க. அவ்வளவு கம்மி கால்சியத்தக்கூட எப்படி விடாம எடுத்து வைக்குதுன்னு. அதையும் சேத்து பண்ணச் சொல்லிட்டாங்க."

"நல்லது."

அவள் போகவில்லை. தட்டை என் தொட்டிப் பக்கம் தள்ளி வைத்தாள். பாட்டில்கள் அதில் இருந்தன.

"நாளைக்கு நாப்பதும் வேணும்க்கா."

"எப்டி கழுவணும்?"

"ஊத்தி."

"ஊத்திக் கொட்டவா?"

"கொட்டுங்க."

மதியம் ஆரம்பித்தேன். சோப்பு, குழாய், அமிலம், குழாய். பிறகு சுத்த நீர்க் குழாயைத் திறந்தேன். ஒரு பாட்டிலுக்கு ஐந்து முறை. நாற்பது பாட்டில். இருநூறு முறை நல்ல தண்ணீரைப் பிடித்து வடிகாலில் கொட்டினேன். ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் நின்று, பிறகுதான் கவிழ்ந்தது.